‘விடு’ என்றால் ‘எங்கே’ என்று கேள்

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கை வீக்கம் வடிந்ததா? மாமாவையும் விசாரித்ததாகச் சொல்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சிரிக்காதே, பேசுகிற வேலை. எட்டாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி வாசிக்கச் சொன்னபோது வாய் திறக்காமல் நின்று, மறுநாள் முதல் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத உன் ஊமைக்கோட்டான்தான் இப்போது மலை உச்சியில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

கீழே ஏரியில் இரண்டு விமானங்கள் இருக்கின்றன. ஏரியை உரசிக்கொண்டே ஓடித் தண்ணீரை மொண்டு, பறந்து போய்க் காட்டுத்தீயின் மேல் கொட்டும். இங்கே எல்லாரும் அவற்றை வாத்து என்கிறார்கள். காட்டுக்குள் ரோடு கிடையாது, தீயணைப்பு வண்டி போய்ச் சேர்வதற்குள் சாம்பல்தான் மிஞ்சும். அதனால் வாத்துதான் எல்லாம். ஆனால் பள்ளத்தில் இருப்பவர்கள் ரேடியோவில் பேசினால் அது மலையைத் தாண்டி விமானத்துக்குக் கேட்காது. நடுவில், உச்சியில், ஒரு ஆள் வேண்டும். கீழே சொல்வதைக் கேட்டு மேலே சொல்ல. அது நான்.

எனக்கு மேலே இருப்பவருக்குக் காது என்று பட்டப்பெயர். எந்த இரைச்சலிலும் எந்தச் சொல்லையும் பிடித்துவிடுவார். நான் காது அண்ணன் என்று கூப்பிடுகிறேன். முதல் நாளே சொன்னார்: “நீ கிளிப்பிள்ளை. கூட்டாதே, குறைக்காதே. கேட்டதைச் சொல்லு.” என் சொந்தச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதால் எனக்குக் கூச்சமும் இல்லை. நாக்கு தானாக ஓடுகிறது.

முன்பெல்லாம் தண்ணீரைக் கொட்டச் சொல்ல ‘ஊத்து’ என்பார்களாம். ஒருநாள் கீழே ஒருவர் காற்று திரும்பிவிட்டது என்று ‘காத்து, காத்து’ எனக் கத்த, மேலே அது ‘ஊத்து’ என்று கேட்டு, அதிகாரிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடாரத்தின் மேல் முழுத் தொட்டியும் இறங்கிவிட்டது. காது அண்ணன் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அதில் ஒருவர் இன்றுவரை நடப்பதில்லை. அதன் பிறகு சொல்லை மாற்றினார்கள். இப்போது ‘விடு’ என்றால் தண்ணீரை விடு. ‘பொறு’ என்றால் பொறு. கீழேயிருந்து ‘விடு’ என்று வந்தால் மட்டும் நான் ‘எங்கே’ என்று திருப்பிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் மேலே சொல்ல வேண்டும். நானாகப் பேசுகிற சொல் அது ஒன்றுதான்.

தீக்காலம் முடியும்வரை என்னோடு வந்து இரு, அக்கா. போன தடவை நான் வந்திருந்தபோது, கிணற்றுக் கயிறு அறுத்தது என்று மணிக்கட்டைக் காட்டினாய். கயிற்றுக்கு விரல்கள் கிடையாது.

இதை மர லாரி ஓட்டும் அண்ணனிடம் கொடுத்து, உன் கையில் மட்டும் தரச் சொல்லியிருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை


பிப்ரவரி 27

என் ஊமைக்கோட்டானுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. உச்சியில் குளிர் அதிகம் என்று லாரி அண்ணன் சொன்னார், காதை மூடிக்கொண்டு படு.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று யோசிக்காதே. இடது கையால் எழுதுகிறேன். லாரிக் கதவில் விரல்கள் மாட்டிக்கொண்டன. என் கவனக்குறைவுதான்.

உனக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு அவருக்கும் சந்தோஷம். “உன் தங்கச்சி பேசுறாளா? அப்ப ஊர்ல இருக்கிற கல்லெல்லாம் பாடும்” என்று சிரித்தார். அவருக்குத்தான் இப்போது ஓயாத வேலை. மர அறுவை முகாமில் மேஸ்திரி என்றால் சும்மாவா? மரம் வந்து குவிகிறது. வீட்டைச் சுற்றி மரத்தூள் முழங்கால் உயரம் கிடக்கிறது, பின்பக்கம் முழுக்கப் பிசின் டின்கள். நடந்தால் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. நேற்று ஒரு அறுவைக்காரர் வாளைக் கோணலாக மாட்டி அது ஒடிந்துபோனது. உன் மாமா கையிலிருந்த சங்கிலியால் ஒரு போடு போட்டார். அந்த ஆளுக்குத் தலையில் தையல். “அடிமேல் அடி அடிச்சாத்தான் அம்மியே நகரும், இவனுங்க எம்மாத்திரம்” என்கிறார். வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமே.

நீ கேட்டது இப்போது முடியாது. அவருக்கு யார் சமைப்பது? அந்தப் பேச்சை இனிக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

ஆசிகளுடன்,
அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்கா,

விரல்கள் மடங்குகின்றனவா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாடுதான் இறங்க மாட்டேன் என்கிறது.

முதல் பெரிய தீ வந்துவிட்டது. உனக்கு இரண்டு மலை தள்ளி. தீ நடந்து வரும் என்று நினைத்திருந்தேன். அது தாவுகிறது. ஒரு மரத்தின் உச்சியிலிருந்து அடுத்த மரத்தின் உச்சிக்கு. உள்ளே பிசின் கொதித்து மரங்கள் வெடிக்கிற சத்தம் என் குடிசைவரை கேட்டது. முயல்கள் உடம்பில் தீயோடு ஓடி, ஓடிப் புகுந்த புதரில் எல்லாம் தீ வைத்தன.

தண்ணீரைப் பற்றி நான் நினைத்திருந்ததும் தப்பு. மழை மாதிரி விழும் என்று நினைத்தேன். வாத்து ஓட்டும் விமானி ஒருவர் இருக்கிறார், வழுக்கை என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவர் சொன்னார்: “அந்த வேகத்துல விழுறது தண்ணி இல்ல பாப்பா, செங்கல் சுவரு.” அவர் சொன்னதை அன்றே பார்த்தோம். தீ பரவாமல் மரங்களை வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் விலகச் சொல்லியும் விலகவில்லை. தண்ணீர் அவரைத் தூக்கி ஒரு அடிமரத்தில் அறைந்தது. தோள் எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதாம்.

அது பரவாயில்லை, அவர் பிழைத்துவிட்டார். மூன்று பேர் ஒரு லாரிக்குள் மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் தீ. அவர்கள் சொன்னதை நான் மேலே சொன்னேன். ‘கதவு சுடுது’ என்றார்கள். கதவு சுடுது என்றேன். ‘கண்ணாடி விரியுது’ என்றார்கள். கண்ணாடி விரியுது என்றேன். வழுக்கை அப்போதுதான் ஏரியில் மொண்டுகொண்டிருந்தார். ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று ஒருவர் கேட்டார். அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பிறகு சொல் எதுவும் வரவில்லை, வேறு சத்தம்தான் வந்தது. அதை எப்படித் திருப்பிச் சொல்வது என்று தெரியாமல் காது அண்ணனைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி அணைத்துவிட்டு, டீ போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

அக்கா, உங்கள் முகாமைச் சுற்றி மரத்தூளும் பிசினும் என்று நீதான் எழுதியிருக்கிறாய். கிளம்பி வந்துவிடு. எழுதக் கூடாது என்று சொன்னாலும் எழுதுவேன்.

கவலையோடு,
தங்கை


ஏப்ரல் 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிவிட்டது. உடனே எழுத முடியவில்லை, காய்ச்சல். இப்போது எழுந்து நடமாடுகிறேன். மென்று சாப்பிடுவதுதான் சிரமம், ஒரு பல் போய்விட்டது. ஆடிக்கொண்டிருந்த பல்தான். இந்த வயதில் பல் ஆடுமா என்று கேட்காதே, சிலருக்கு ஆடும்.

அந்த மூன்று பேரைப் பற்றிப் படித்துவிட்டு அழுதேன். அவர்களுக்குக் கடைசியாகக் கேட்டது உன் குரல். உன் குரல் நல்ல குரல்.

செவலை நாய் இப்போது இல்லை. வீட்டுக்குள் அவர் எதற்கோ சத்தம் போட, அது எங்களுக்குக் குறுக்கே வந்து நின்று குரைத்தது. கோடாரியின் பின்பக்கத்தால் ஒரே அடி. வாயிலும் மூக்கிலும் ரத்தம் வந்து, என் கால்மேலேயே விழுந்தது. நான்தான் புதைத்தேன். அவருக்கும் பிறகு வருத்தம்தான். அன்று அவர் சாப்பிடவில்லை.

வனத்துறைக்காரர்கள் வந்தார்கள். தீ நெருங்கினால் பெண்களையும் குழந்தைகளையும் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்றார்கள். எல்லாரும் தலையாட்டினோம். அவர்கள் போன பிறகு இவர் முற்றத்தில் எல்லாரையும் கூட்டி, “போறவ அப்படியே போயிடணும். திரும்பி வந்தா காலை ஒடிப்பேன்” என்றார். பொதுவாகத்தான் சொன்னார்.

முகாமுக்கு ஒரு கை ரேடியோ கொடுத்திருக்கிறார்கள். ஆண்கள் எல்லாரும் காட்டில் இருப்பதால் அதை நான் வைத்திருக்க வேண்டுமாம். இனிமேல் ரேடியோவில் என் குரலும் உனக்குக் கேட்கும். வேறு பேச்சு பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அவரும் சொல்லியிருக்கிறார். நீயும் வாயைத் திறந்து ‘அக்கா’ என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

வாய்ப் புண் ஆறியதா? உப்புப் போட்டுக் கொப்பளி. நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று உன் குரல் கேட்டது. “பள்ளத்து முகாம் பேசுகிறேன், காற்று தெற்கு, புகை இல்லை.” மூக்கடைத்தது போல ஒரு குரல். யாரோ பக்கத்தில் நின்று எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னது போல இருந்தது. “பள்ளத்து முகாம், காற்று தெற்கு, புகை இல்லை” என்று நானும் திருப்பிச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? காது அண்ணன் மட்டும், “யாருமா அது, உன்னை மாதிரியே இழுத்துப் பேசுது?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நீ எழுத வேண்டாம் என்று சொன்னதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். போன தடவை நான் அங்கே வந்திருந்தபோது, மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் ‘விடுங்க’ என்று சொன்னாய். ‘விடுங்க, அவ இருக்கா’ என்றாய். அப்புறம் என்னவோ சுவரில் மோதியது. அப்புறம் ‘விடு’ என்றாய். மாமாவை நீ மரியாதை இல்லாமல் பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான். அந்த ‘விடு’ எனக்கு மறக்கவில்லை. அன்று நான் எழுந்து வந்திருக்க வேண்டும். போர்வைக்குள்ளேயே கிடந்தேன்.

தீ உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. நடுமலை எரிகிறது. முதல் லாரியில் ஏறு. காலை ஒடிப்பதற்கு நீ திரும்பிப் போனால்தானே?

தங்கை


மே 4

தங்கைக்கு,

நலம். நீ நலமா?

உன் கடிதத்தை லாரி அண்ணன் அவரிடம் கொடுத்துவிட்டார், கேட்டு வாங்கிக்கொண்டாராம். உட்கார்ந்து உரக்க வாசித்தார், ஒரு வரி விடாமல். அதனால் இனி எழுதாதே.

பகலிலேயே விளக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவு புகை. தண்ணீர்த் தொட்டியில் பறவைகள் விழுந்து மிதக்கின்றன. பெண்களை நாளையோ மறுநாளோ அனுப்புவார்கள். நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

அக்கா


மே 28

என் அக்காவுக்கு,

இதை மருத்துவமனை முகவரிக்கு அனுப்புகிறேன். காலர் எலும்பு கூடிவிடும் என்றும், தலைக் காயத்தால் ஆபத்து இல்லை என்றும் நர்ஸ் அக்கா போனில் சொன்னார். மாமாவுக்கு முதுகெலும்பு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்றும் சொன்னார். நான் இங்கே இருக்கிறேன். நலம் என்று எழுத வரவில்லை.

அன்று என் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

உங்கள் முகாமுக்குப் பின்னால் தீ இறங்கிவிட்டது. பிசின் டின்கள் ஒவ்வொன்றாக வெடித்தது எனக்கு ரேடியோ இல்லாமலே கேட்டது. வீட்டையும் முற்றத்தையும் நனைத்தால் தீ அங்கேயே நிற்கும் என்று வழுக்கை முழுத் தொட்டியோடு மேலே சுற்றிக்கொண்டிருந்தார். முகாமில் ஆள் இல்லை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். “ஆள் போயாச்சா கேளு” என்றார். கேட்டேன். பதில் இல்லை. பெண்கள் லாரி போய்விட்டதை அவரே மேலேயிருந்து பார்த்தார். நீ அதில் இருப்பாய் என்று நினைத்தேன். “இன்னொரு சுத்துக்குத்தான் பெட்ரோல் இருக்கு, கேளு” என்றார். மறுபடி கேட்டேன்.

அப்போது உன் ரேடியோ திறந்தது. மூச்சு வாங்குகிற சத்தம். ஏதோ இழுபடுகிற சத்தம். தகரம் அதிர்ந்தது. பிறகு, “விடு. விடு.”

உன் குரல்தான் என்று தெரிந்தது.

மேலே “விடு” என்று சொன்னேன்.

அவர் விட்டார். உன் ரேடியோவில் ஒரு அறை விழுந்தது மாதிரி ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும். வழுக்கை வட்டமடித்துத் திரும்பும்போது சொன்னார்: “முற்றத்துல ரெண்டு பேரு கிடக்கிறாங்களே பாப்பா. நீ விடுன்னு சொன்னியே.” கூரைத் தகரம் காகிதம் மாதிரி சுருண்டு உங்கள் மேல் கிடந்ததாம். தீ முற்றத்து விளிம்போடு நின்றுவிட்டது. அந்தத் தண்ணீர் விழாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் கருகியிருப்பீர்கள் என்று அவர் எல்லாரிடமும் சொல்கிறார். எனக்காகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

‘எங்கே’ என்று நான் கேட்கவில்லை.

விசாரணை அதிகாரி ஒருவர் உன்னிடம் வருவார். ரேடியோவில் பேசுவதெல்லாம் பதிவாகும், அதை உனக்குப் போட்டுக் காட்டுவார். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உன்
தங்கை


ஜூன் 9

அன்புள்ள தங்கைக்கு,

எனக்கு வலி குறைந்திருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? உன்னை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

அதிகாரி வந்தார். நிதானமாகப் பேசுகிற மனிதர். பதிவைப் போட்டார். கேட்டுவிட்டு, எனக்குத் தலையில் அடிபட்டதால் ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. “புருஷன்கிட்ட சொல்லியிருந்தா விடுங்கன்னுதானேம்மா சொல்லியிருப்பீங்க? வெறும் விடுன்னா அது விமானத்துக்குத்தானே?” என்றார். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு உன் மாமாவின் அண்ணன் வந்தார். நாற்காலியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு வழிதான் இருக்கிறது என்றார். நான் வீட்டோடு வந்து தம்பியைப் பார்த்துக்கொண்டால், ஏதோ தவறிப் போய்விட்டது என்று தம்பியே எழுதிக் கொடுப்பார். இல்லையென்றால் புருஷன் மேல் தண்ணீரை விடச் சொன்னவள் என்று நான் உள்ளே போக வேண்டியதுதான். வண்டிகூடப் பேசி வைத்திருக்கிறாராம்.

யோசித்துப் பார்த்தேன். உன் மாமாவால் இனி எழுந்து நிற்க முடியாது. இனிமேல் எனக்கு என்ன பயம்? நான் உண்மையைச் சொன்னால், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவள் என்று அவர்கள் உன்னைத்தான் பிடிப்பார்கள். பதினேழு வயதில் உனக்கு எதற்கு அந்தப் பெயர்? நான் வீட்டுக்குப் போய்விட்டால் இரண்டு பேருக்கும் தொல்லை இல்லை.

தினமும் நடைக்கோடியில் இருக்கும் ஆண்கள் வார்டுக்குப் போய் அவருக்கு ஊட்டிவிடுகிறேன். நேற்று கஞ்சி சூடாக இருந்துவிட்டது. கையைப் பிடித்துச் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கினார். லேசாகப் பிசகியிருக்கிறது. நர்ஸிடம் கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 16

அக்கா,

விரலுக்குக் கட்டுப் போட்டார்களா?

மாமாவுக்குக் கால் எதற்கு? கை இருக்கிறதே. நீ கிட்டே போனால் போதும், மீதியை அந்தக் கை பார்த்துக்கொள்ளும். இப்போதே ஒரு விரல் போயிற்று. வீட்டுக்குப் போனால் ஓடி வர லாரியும் இல்லை, கேட்க ரேடியோவும் இல்லை.

அதிகாரி என்னையும் கூப்பிட்டார். ஏன் ‘எங்கே’ என்று கேட்கவில்லை என்று கேட்டார். நான் எட்டாம் வகுப்பில் நின்றது போலவே நின்றேன். காது அண்ணன்தான், “அவ ஊமை சார், ரேடியோல மட்டும்தான் பேசுவா. வேணும்னா வெளில போய் ரேடியோல கேளுங்க” என்றார். அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வியை எழுதி, அதற்குக் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறார்.

‘விடு’ என்று நீ யாரிடம் சொன்னாயோ அதை அப்படியே சொல்லிவிடு. தப்பு என் மேல் வரும். வரட்டும். வேலை போனால் போகட்டும், எனக்கு இரண்டு கை இருக்கிறது, முறுக்க யாரும் இல்லை. எனக்காக நீ அந்த வண்டியில் ஏறினால், நான் உயிரோடு இருக்கிறவரை உனக்கு ஒரு வரி எழுத மாட்டேன்.

தங்கை


ஜூன் 30

தங்கச்சிக்கு,

இந்தத் தடவை நான் நலம் என்று எழுதப் போவதில்லை. எத்தனை கடிதத்தில் அதை எழுதினேனோ அத்தனையும் பொய். விரல்களை லாரிக் கதவில் வைத்து மூடியது அவர். பல் அவர் முழங்கையில் போயிற்று. காய்ச்சல் என்று எழுதியபோது என்னால் குனிந்து உட்கார முடியவில்லை. உனக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் என் கையால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

அதிகாரி இன்று வந்தார். உன் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து விசாரிக்க வேண்டும் என்று அண்ணன்காரர் ஏற்பாடு செய்திருந்தார். கீழே வண்டி நின்றது, என் துணிப்பையைக்கூட அதில் ஏற்றியாயிற்று. நானும் தவறிப் போய்விட்டது என்று சொல்லத்தான் போனேன். அவர் என்னைப் பார்த்துக் கட்டிலைத் தட்டினார், வந்து உட்கார் என்று. செவலையை அப்படித்தான் கூப்பிடுவார். நான் உட்காரவில்லை.

நின்றபடியே சொன்னேன். லாரியில் ஏற ஓடினேன், இவர் பின்னால் வந்து முடியைப் பிடித்தார், லாரி போய்விட்டது. எரிந்தால் சேர்ந்தே எரிவோம் என்று முடியைக் கையில் சுற்றி வீட்டுக்குள் இழுத்தார். ரேடியோ என் கையில் இருந்தது. வலியில் கை இறுகியதில் பொத்தானும் அமுங்கியிருக்கும். விடு என்று இவரைத்தான் சொன்னேன்.

அதிகாரி பழைய கேள்வியையே கேட்டார், பிறகு ஏன் விடுங்க என்று சொல்லவில்லை என்று. “உயிர் போறப்ப ‘ங்க’ வராது சார்” என்றேன்.

அவர் நம்பினாரோ என்னவோ, பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். அண்ணன்காரர், இவள் கதை கட்டுகிறாள், தம்பி இவள் பக்கத்திலேயே போகவில்லை, இவள் விமானத்தோடுதான் பேசினாள் என்றார். அப்போது படுத்திருந்தவருக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் நான் அவரை விடு என்று சொன்னேன் என்று சொல்லிவிட்டேனே.

“என்னையவே விடுங்கிறா சார்” என்றார். “மரியாதை குறையுதேன்னுதான் இன்னும் ரெண்டு இழு இழுத்தேன். எந்தப் புருஷன் கேட்டுக்கிட்டு நிப்பான்?”

அண்ணன்காரர் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். அதற்குள் அதிகாரி எழுதத் தொடங்கிவிட்டார். எழுதி முடித்து, அதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் சொன்னதுதானே என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன். கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை.

வெளியே வந்த பிறகு அதிகாரி என்னைத் தனியாக நிறுத்தினார். “ஒண்ணே ஒண்ணு. கூடப் பிறந்தவளுக்கு உங்க குரல் தெரியாதா? அது உங்களுக்குள்ள நடக்கிற சண்டைன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்காதா? தெரிஞ்சே சொன்னாளா?”

நான் சொன்னேன்: “கல்யாணத்துக்கு அப்புறம் அவகிட்ட என் சொந்தக் குரல்ல ஒரு வார்த்தை பேசினதில்ல சார். அவளுக்கு எப்படித் தெரியும்?”

அவர் அதை எழுதிக்கொண்டார்.

வண்டியிலிருந்து என் பையை நானே இறக்கினேன். இடது கையால்தான், ஆனாலும் இறக்கிவிட்டேன். வியாழக்கிழமை சாமான் லாரியில் வருகிறேன்.

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

தோளை ஆட்டாமல் வா. லாரி வளைவுகளில் தூக்கிப் போடும், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்.

என்னை ரேடியோவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேட்க வேண்டியதைக் கேட்காததற்காக. உத்தரவில் வேறு எதுவும் எழுதவில்லை. இப்போது ஏரிக்கரையில் வேலை. வாத்து மொள்ளும்போது அதன் வாயில் சிக்கும் குச்சியையும் பாசியையும் வாரி எடுக்க வேண்டும். கை முழுக்கக் கீறல். வழுக்கை வந்து, உச்சியில் இப்போது ஒரு பையனை உட்கார வைத்திருக்கிறார்கள், ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறான், காது வலிக்கிறது என்று புலம்பிவிட்டுப் போனார்.

அதிகாரியிடம் நீ சொன்ன பதிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் கேட்டதை நீ என்னிடம் கேட்கவில்லை. கடிதத்தில் எழுதலாமா என்று இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை லாரி நிற்கும் இடத்தில் நான் இருப்பேன். இறங்கியதும் நேரில் கேள், அக்கா. நான் வாய் திறந்து சொல்வேன்.

உன்
தங்கை